இரண்டாம் வழங்கிக்கும் தமிழ் தெரிதல் வேண்டும்

இடர் வந்துற்ற வேளையில் ஒருவன் எதை முதலிற் கைவிடுகின்றான் என்பதைக் கொண்டு, அவன் எதைத் தன் உயிர்ப்பொருளாகக் கருதினான், எதை வெறும் அணிகலனாகக் கருதினான் என்று அறிந்துகொள்ளலாம். வீடு பற்றி எரிகையில் தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சுவரில் மாட்டிய படத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள். தமிழின் பெயரால் இயங்கும் அமைப்புகள் பலவற்றில், இற்றை நாளில் தமிழ் சுவரில் மாட்டிய படமாகவே உள்ளது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. மின்னஞ்சல் வழங்கி அமைக்கும் தொழில்நுட்பச் செய்தியொன்றே போதும்.

அண்மையில் ஒரு தமிழமைப்பின் அஞ்சல் வழங்கி பழுதுற்றது. அவ்வமைப்பினர் முன்னறிவு உடையவர்களே. ஓரூரில் முதல் வழங்கியும், தொலைவிலுள்ள வேறோரூரில் இரண்டாம் வழங்கியுமாக, ஒன்று வீழின் மற்றொன்று தாங்கிக்கொள்ளுமாறு அமைத்திருந்தனர். முதலூரில் மின் நின்றது, வழங்கி அவிந்தது, இரண்டாமூர் வழங்கி பணியை ஏற்றது. ஆங்கில எழுத்தில் முகவரி வைத்திருந்தோர்க்கெல்லாம் மடல்கள் தடையின்றி வந்தன. தமிழெழுத்தில் முகவரி வைத்திருந்த நால்வருக்கு மட்டும் ஒரு மடலும் வரவில்லை. அவை எழுதியவர்களுக்கே திருப்பி விடப்பட்டன. அமைத்த பொறியாளரை வினவியபோது, "இடருக்கு மட்டும் பயன்படும் வழங்கிதானே, அதற்குப் போய்த் தமிழ் எதற்கு?" என்றார். அவ்வொரு வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது.

இரு வழங்கிகள் ஏன்?

நம் முன்னோர்க்கு இக்கலை புதிதன்று. பனையேடு நெடுங்காலம் நில்லாது. கறையானும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஆகவே படியெடுத்தனர், படியிலிருந்து மீண்டும் படியெடுத்தனர். ஒரு படி ஓரூர்ப் புலவர் வீட்டிலும் மற்றொரு படி வேறோரூர் மடத்திலும் இருந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன. உ.வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கியே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே ஊரில் ஒரே படியாக இருந்து அழிந்த நூல்கள் எத்தனையோ! அவற்றின் பெயர்களை உரையாசிரியர் வாயிலாகக் கேட்டு ஏங்குவதன்றி நமக்கு வேறு வழியில்லை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாம் மறக்கவியலாது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. எரித்தவன் குற்றம் எரித்தவனதே. ஆயினும், ஓரினத்தின் நினைவை ஒரே கூரையின் கீழ் ஒரே படியாக வைத்திருக்கும் நிலைக்கு இனி நாம் ஆளாகலாகாது என்பது அத்தீ நமக்குக் கற்பித்த படிப்பினை.

இன்று அமைப்புகளின் நினைவு எங்கே உள்ளது? பெருமளவு அஞ்சற்பெட்டியில் உள்ளது. நூலாசிரியர் அனுப்பிய கையெழுத்துப்படி, கிளையமைப்பின் கணக்கு, வெளிநாட்டுத் தமிழன்பர் எழுதிய மடல், வழக்கறிஞர் தந்த கருத்துரை ஆகிய யாவும் மின்னஞ்சலிலேயே கிடக்கின்றன. அப்பெட்டி ஒரே இடத்தில் இருப்பின், ஒரு மழைக்கும் ஒரு தீக்கும் அஃது இரையாகும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, 1878இல் தொடங்கப்பெற்ற 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு திசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. மறைமலைநகரிலிருந்த அச்சகத்துக்குப் பணியாளர் சென்றடைய இயலாமற் போனதே கரணியம். பொறி பழுதின்றி இருந்தும் மாந்தர் அதனை அணுகவியலாதெனின் அப்பொறி இல்லாததற்கு ஒப்பாகும் என்பதை அந்நாள் காட்டிற்று. 2023 திசம்பர் 17, 18 நாள்களிற் பெய்த பெருமழை தென்மாவட்டங்களை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எனவே வடக்கே இடர், தெற்கே காப்பு என்று எண்ணியிருக்கவும் இயலாது. ஒரே புயலும் ஒரே ஆறும் ஒருசேரத் தாக்கவியலாத இரண்டு இடங்களைத் தேர்தலே அறிவுடைமை.

அயல்நாடுகளும் இப்பாடத்தைப் பெரும்விலை கொடுத்தே கற்றன. 2021 மார்ச்சு 10 அன்று பிரான்சு நாட்டு இசுட்ராசுபர்க்கு நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மனையொன்று எரிந்தழிந்தது. முதற்படியையும் காப்புப்படியையும் அவ்வொரே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேசோன் நகரில் அரசுத் தரவு மனையில் இலித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. அரசுப் பணியாளரின் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட்டு அளவுள்ள களஞ்சியம் மீட்கவியலாதவாறு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று கருதி, அதற்கு வேறிடத்தில் படி வைக்காது விட்டிருந்தனர். தொழில்நுட்பத்தில் முன்னணியிலுள்ள நாட்டுக்கே அந்நிலை எனின், வாடகைக் கட்டடத்தின் மூலையில் ஒரு கணினியை வைத்து அதனையே நம்பியிருக்கும் நம் அமைப்புகளைப் பற்றி என் சொல்வது?

வீழ்தாங்கல் இயங்கும் முறை

ஒன்று வீழும்போது மற்றொன்று தாங்கும் இவ்வமைப்பை வீழ்தாங்கல் என்போம். இதனைத் தமிழர் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது நம் கருத்தாகலின், அதன் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்வது நன்று.

மின்னஞ்சல் முகவரியின் நடுவிலுள்ள குறி 1971இல் இரே தாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தேர்ந்தது. அதற்கு முன்னுள்ளது ஆளின் பெயர். பின்னுள்ளது அவர் சார்ந்த ஆள்களத்தின் பெயர். மடலை அனுப்பும் வழங்கி, அவ்வாள்களத்துக்குரிய பெயரேட்டை இணையத்தில் நோக்கும். மடலை ஏற்கும் வழங்கிகள் எவை என்பதும், அவற்றின் வரிசையெண்கள் எவை என்பதும் அதிற் குறிக்கப்பெற்றிருக்கும். 10 என்னும் எண்ணுடைய வழங்கியை முதலில் நாடும். அது வாய்திறவாவிடின் 20 என்னும் எண்ணுடையதை நாடும். இரண்டும் வாய்திறவாவிடின் மடல் அழிந்துவிடாது. அனுப்பிய வழங்கியிலேயே வரிசையிற் காத்திருந்து, விட்டுவிட்டு மீண்டும் முயலும். நான்கைந்து நாள்களேனும் முயன்ற பின்னரே கைவிடுதல் வேண்டும் என்பது 2008இல் வெளிவந்த 5321ஆம் எண் இணைய நெறிமுறை ஆவணம் காட்டும் வழி. இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்குப் பெரிதும் வேண்டியதாகும்.

மடலைப் பெறுவது இவ்வளவில் எளிது. பெற்றவற்றைக் காப்பதே அரிது. முதலூர்ப் பெட்டியிலுள்ள ஒவ்வொரு மடலும் இரண்டாமூர்ப் பெட்டியிலும் இருத்தல் வேண்டும். இதற்கு இரு வழிகள் உள. இரண்டு ஊரிலும் எழுதி முடித்த பின்னரே மடல் பெறப்பட்டதாக அனுப்பியவருக்கு மறுமொழி கூறுவது ஒன்று. முதலூரில் எழுதியவுடன் மறுமொழி கூறிவிட்டுப் படியைப் பின்னர் அனுப்புவது மற்றொன்று. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். போய் மீள்வதற்கு ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்ததில் ஐந்து கூறேனும் வேண்டும். மடலுக்கு இக்காத்திருப்பு ஒரு பொருட்டன்று. விரைவுக்காக இரண்டாம் வழியைக் கொள்வோர், மறுமொழி கூறிய நொடிக்கும் படி சென்றடைந்த நொடிக்கும் இடையே முதலூர் அழியின், அவ்விடைவெளியில் வந்த மடல்களை இழப்பர். அனுப்பியவரோ மடல் சேர்ந்துவிட்டதென்றே எண்ணியிருப்பார். சுவடின்றி மறையும் மடல் திரும்பி வரும் மடலினும் கொடிது.

அடுத்தது தலைமைச் சிக்கல். இரண்டு ஊர்களிலும் இவ்விரண்டு வழங்கிகள் உள எனக் கொள்வோம். இடையிலுள்ள கம்பி அறுபடுகின்றது. வழங்கி எதுவும் சாகவில்லை. ஆனால் ஒவ்வோரூரும் மற்றவூர் செத்தது என்று எண்ணி, யானே தலைமை என்று முழங்கி, மடல்களை ஏற்கத் தொடங்கும். ஒரே பெட்டிக்கு இரு வேறு கதைகள் உருவாகிவிடும். கம்பி மீண்டும் இணையும்போது எது மெய், எது பொய் என்று பிரித்தறிவது பெரும்பாடாகும். இதனைத் தடுக்கவே பெரும்பான்மை முறை வைத்தனர். மூன்றாவது ஊரொன்றில் ஒரு சிறு கணினியைச் சான்றாளியாக வைப்பர். ஆக மொத்தம் ஐந்து வாக்குகள்; மூன்று பெற்ற பக்கமே தலைமை ஏற்கும்; பெறாத பக்கம் அடங்கியிருக்கும். மைக்ரோசாப்டு நிறுவனத்தின் எக்சுசேஞ்சு 2010இல் புகுத்தப்பெற்ற வழங்கித் தொகுதி முறையும் பெரும்பான்மையையே அடிப்படையாகக் கொண்டது. சான்றாளியை மூன்றாமிடத்தில் வைத்து, தானாகவே பணி மாறச் செய்யும் அமைப்பு 2013ஆம் பதிப்பில் ஏற்கப்பெற்றது. சிக்கனம் கருதிச் சான்றாளியையும் முதலூரிலேயே வைப்பார் உளர். முதலூர் மூழ்கின் சான்றாளியும் மூழ்கும். எஞ்சிய இரண்டு வழங்கிகளும் ஐந்தில் இரண்டே வாக்குடையனவாய்க் கைகட்டி நிற்கும். இவ்வளவு பொருள் செலவிட்டும் பயன் சுழியமே.

இன்னொன்றையும் ஈண்டே கூறிவிடுதல் வேண்டும். இரண்டு ஊரில் படி இருப்பது காப்புப்படி ஆகாது. ஒருவர் தவறுதலாக ஒரு மடற்கட்டை அழித்துவிட்டால் அவ்வழிப்பும் உடனே இரண்டாமூருக்குப் படியாகச் செல்லும். ஆகலின் வழங்கிகளின் கைக்கெட்டாதவாறு நாட்படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

தமிழ் முகவரி திரும்பியது எப்படி?

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். தமிழ் முகவரி கொண்ட மடல் ஏன் திரும்பியது?

ஆள்களப் பெயர் தமிழில் இருப்பின், அதற்கு ஆங்கில எழுத்துகளாலான மாற்றுருவம் ஒன்று உண்டு. பழைய வழங்கியும் அம்மாற்றுருவத்தைக் கொண்டு வழியறிந்துகொள்ளும். ஆனால் முகவரியின் முற்பகுதியாகிய ஆளின் பெயர்க்கு அத்தகைய மாற்றுருவம் எதுவுமில்லை. ஊரின் பெயர் வேறுடை பூண்டு செல்லலாம். ஆளின் பெயர் தன்னுருவிலேயே செல்லுதல் வேண்டும். இதற்குரிய நெறிமுறைகள் 2012இல் 6530, 6531 முதலிய எண்களில் வெளியிடப்பெற்றன. அவற்றின்படி, வழங்கி இரண்டு தொடர்புகொள்ளும்போது முதற்கண் வணக்கம் கூறிக்கொள்ளும். வணக்கம் பெற்ற வழங்கி தன்னால் இயல்வனவற்றையெல்லாம் பட்டியலிட்டுக் கூறும். ஒருங்குகுறி எழுத்தாலான பெயரை ஏற்பேன் என்னும் இசைவுச்சொல் அப்பட்டியலில் இல்லையெனின், அனுப்பும் வழங்கி அம்மடலை அதனிடம் கொடுத்தலாகாது. மாற்றுவழி இல்லாதபோது மடல் அனுப்பியவருக்கே திரும்பும்.

இங்கேதான் கொடுமை உள்ளது. இரண்டாம் வழங்கியே இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? முதல் வழங்கி வாய்திறவாமையால் மடல் வரிசையில் நாட்கணக்கிற் காத்திருந்து, மின் வந்தவுடன் உரியவரைச் சேர்ந்திருக்கும். இரண்டாம் வழங்கி இருந்தமையால், அது வாய்திறந்து தனக்குத் தமிழ் தெரியாது என்பதைக் காட்டியமையால், மடல் ஒரேயடியாகத் திரும்பியது. எனவே தமிழறியா இரண்டாம் வழங்கி, தமிழனுக்கு இல்லாத வழங்கியினும் தீயது. ஆங்கில முகவரி உடையவனுக்கு அவ்வமைப்பு காப்பு. தமிழ் முகவரி உடையவனுக்கு அதுவே கேடு. ஒரே செலவில், ஒரே கூரையின் கீழ், ஒரே அமைப்பின் உறுப்பினருள் இவ்வேற்றுமை! "இடருக்கு மட்டும் பயன்படுவதுதானே" என்றவர் இதனை உணர்ந்து பார்த்தாரா?

வழங்கி தமிழை ஏற்பதாகக் கூறினும் அஃதொன்றே போதாது. 'கொற்றவை' என்னும் பெயரை நோக்குக. அதிலுள்ள 'கொ' என்னும் எழுத்தைக் கணினி இரு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகக் கொள்வது ஒரு வகை. எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகக் கொள்வது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குகுறி நெறியும் இரண்டும் ஒன்றே என்கின்றது. ஆனால் அவற்றை ஒருமைப்படுத்தாமல் எண்ணுக்கு எண் ஒப்பிடும் வழங்கிக்குக் கொற்றவை இருவராகத் தோன்றுவர். முதலூரில் ஒருமைப்படுத்தும் வழங்கியும் இரண்டாமூரில் ஒருமைப்படுத்தாத வழங்கியும் இருப்பின், வீழ்தாங்கல் நிகழும் நாளில் "அப்பெயருடையார் ஈங்கில்லை" என்னும் மறுமொழியே கிட்டும். பொன்னிக்கும் இந்நிலைதான், நொச்சிக்கும் இந்நிலைதான்.

தமிழ்ப்பெயர் நீளமானது, முகவரியில் அடங்காது என்பாரும் உளர். முகவரியின் முற்பகுதிக்கு 64 எண்ணுண்மிகள், அஃதாவது பைட்டுகள், இடம் உண்டு. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று எண்ணுண்மி வேண்டும். மறைமலையடிகள் என்னும் பெயர் 36இல் அடங்கும். பெருஞ்சித்திரனார் என்னும் பெயர் 51இல் அடங்கும். அடங்காதது பெயரன்று, நம்மவர் நெஞ்சில் உள்ள தாழ்வெண்ணமே எங்கும் அடங்காது நிற்கின்றது.

தனித்தமிழியக்கம் எதிலிருந்து தொடங்கியது என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். 1916இல் வேதாசலம் என்னும் பெயருடையார் தம் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டார். தூய்மையைத் தம் பெயரிலிருந்தே தொடங்கினார். அவர்வழி வந்தோம் என்று கூறிக்கொள்ளும் நாம், நூற்றாண்டு கடந்த பின்னும், நம் பெயரை முகவரியில் அயலெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கின்றோம். தமிழில் எழுதத் துணிந்த சிலரையும் இடர்நாளில் தெருவில் விட்டுவிடுகின்றோம்.

செய்யத் தக்கன

ஆகலின், இரு ஊர் வழங்கி அமைக்க முற்படுவோர் பின்வருவனவற்றை ஓர்ந்து செய்தல் வேண்டும்.

முதலாவது, இரண்டு ஊரிலும் ஒரே அஞ்சல் மென்பொருளின் ஒரே பதிப்பும், ஒரே அமைப்புக் கோப்புகளும் இருத்தல் வேண்டும். பழைய கணினியொன்றில் பழைய மென்பொருளை ஏற்றி, அதனை இடருக்கென்று ஒதுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கட்டற்ற மென்பொருளாகிய போசுட்பிக்சு 2015இல் வந்த 3.0ஆம் பதிப்பிலிருந்தே ஒருங்குகுறி முகவரியை ஏற்கின்றது. அதற்கு முற்பட்ட பதிப்பை வைத்திருப்பதற்குச் சோம்பலன்றி வேறு கரணியமில்லை.

இரண்டாவது, உறுப்பினர் பெயர்ப்பட்டியல் இரண்டு ஊரிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தமிழ்ப்பெயர்கள் ஒரே முறையில் ஒருமைப்படுத்தப்பெறுதல் வேண்டும். பட்டியல் இல்லாத இரண்டாம் வழங்கி, வந்த குப்பை மடல்களையெல்லாம் ஏற்றுப் பின்னர் யாரோ ஒருவருக்குத் திருப்பியனுப்பி, அமைப்பின் நற்பெயரையும் கெடுக்கும்.

மூன்றாவது, இரண்டாமூரிலிருந்து மடல் புறப்படுவதற்கும் வழி செய்தல் வேண்டும். அவ்வழங்கியின் இணைய எண், நம் பெயரால் அனுப்பத் தக்க எண்களின் பட்டியலில் முன்னரே இடம்பெற்றிருத்தல் வேண்டும். கையொப்பத் திறவும் அங்கே இருத்தல் வேண்டும். இல்லையேல், நம் மடலைப் பிறர் குப்பையில் இடுவர்.

நான்காவது, சான்றாளி மூன்றாமூரில், வேறு மின்வழியிலும் வேறு இணைய வழியிலும் இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, வெள்ளோட்டம். தேர் கட்டியவன் திருவிழா நாளன்று முதன்முதலாக வடம் பிடிக்க மாட்டான். மூன்று திங்களுக்கு ஒருமுறை முதல் வழங்கியை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டாமூரிலிருந்தே ஒரு கிழமை முழுவதும் இயங்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வெள்ளோட்டத்தில் ஆங்கில முகவரிக்கு ஒரு மடல் அனுப்பிப் பார்த்து நிறைவுறலாகாது. தமிழ் முகவரிக்கும் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். நாம் மேலே கூறிய அமைப்பிலும் வெள்ளோட்டம் நடந்தே இருந்தது. ஆனால் ஆய்ந்து பார்த்த மடல் ஆங்கில முகவரிக்குச் சென்றது. தமிழர், தமிழமைப்பில், தமிழ் முகவரியை ஆய்ந்து பார்க்க மறந்தனர்!

மறுப்புகளுக்கு விடை

இவ்வளவு தொல்லை எதற்கு, அயல்நாட்டுப் பெருநிறுவனத்தார் விலையின்றி அஞ்சற்பெட்டி தருகின்றனரே என்று சிலர் கேட்பர். அவர்தம் வழங்கிகள் பல நாடுகளில் உள்ளன, அவை வீழ்வது அரிது என்பது மெய்யே. அதனை நாம் மறுக்கவில்லை. மூவர் கூடி நடத்தும் சிற்றூர் மன்றம் இரண்டு ஊரில் வழங்கி வைத்துக் கடன்பட வேண்டும் என்றும் கூறவில்லை. அத்தகையோர்க்கு ஒரு வழங்கியும், வேறோரூரில் நாள்தோறும் எடுத்து வைக்கும் ஒரு படியுமே சாலும். ஆனால் பல்கலைக்கழகமும் பதிப்பகமும் நாளிதழும் பேரமைப்பும் தம் மடலை முழுவதும் பிறர் கையிற் கொடுத்துவிட்டு உறங்குதல் தகாது. தமிழ் முகவரிக்கு மடல் அனுப்பவும் அதிலிருந்து பெறவும் கூகுளின் அஞ்சற்பணி 2014இலேயே இசைந்தது. ஆனால் தமிழிற் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையை அன்று அது தரவில்லை. அயலான் வீட்டில் நாம் விருந்தினராகச் செல்லலாம். பெயர்ப்பலகை மட்டும் அவன் எழுத்திலேயே இருக்கும்.

நம்மவரால் இயலுமா என்று ஐயுறுவோர்க்கும் ஒன்று கூறுவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் பணிமனை வைத்துள்ள சோகோ நிறுவனம் உலகெங்கும் மின்னஞ்சற்பணி வழங்கிவருகின்றது. அறிவும் கையும் இம்மண்ணில் உள்ளன. ஒவ்வோரமைப்பும் தனித்தனியே செய்யவியலாதெனின், ஐந்து அமைப்புகள் கூடிச் செய்யலாம். சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று, சான்றாளியாக மதுரையில் ஒரு சிறு கணினி. செலவை ஐவர் பகிர்ந்தால் ஒருவர்க்குப் பெருஞ்சுமையாகாது. மேடை போட்டு மூன்று நாள் விழா எடுப்பதற்குக் கூடும் பணம் இதற்குக் கூடாதா?

ஆனால் பொறியை வாங்கி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணற்க. இரண்டு வழங்கிகளுக்கிடையே அஞ்சற்பெட்டியைப் படியாக்கும் அமைப்பைப் பல்லாண்டு தந்துவந்த டவ்காட்டு என்னும் மென்பொருள், தன் 2.4ஆம் பதிப்பில் அதனை நீக்கிவிட்டது. அதனை நம்பியிருந்தோர் வேறு வழி தேட வேண்டியவராயினர். பிறர் எழுதியதை வாங்கிப் பொருத்தத் தெரிந்தவன் மட்டும் போதான். அது கைவிடும் நாளில் தானே எழுதத் தெரிந்தவன் வேண்டும். அத்தகைய இளைஞரைத் தமிழமைப்புகள் தேடிப் பேணுதல் வேண்டும். பாவலர்க்குப் பொன்னாடை போர்த்துவதுபோல், இரவெல்லாம் விழித்திருந்து வழங்கியை நிமிர்த்தும் பொறியாளனுக்கும் ஒரு நன்றியுரை கூறுதல் வேண்டும்.

தமிழ் வழிபடுபொருளாக மட்டும் இருந்தால் அது நல்ல நாளுக்கு மட்டும் உரியதாகிவிடும். வாழ்க்கைப்பொருளாக இருந்தால் அது மழைநாளிலும் இருட்டிலும் கம்பியறுந்த இரவிலும் நம்மோடு இருக்கும். முதல் வழங்கியில் தமிழ் வைப்பது விளம்பலுக்காகவும் இருக்கலாம். யாரும் காணாத இரண்டாம் வழங்கியில் தமிழ் வைப்பவனே தமிழை மெய்யாக வேண்டுபவன்.

எனவே, அமைப்பு நடத்தும் அன்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கின்றோம். இத்திங்களில் ஒருநாள் முதல் வழங்கியை நிறுத்துங்கள். வெளியூர் நண்பரொருவரைக் கொண்டு, தமிழெழுத்து முகவரி ஒன்றுக்கு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அம்மடல் வந்து சேர்ந்தால் உங்கள் அமைப்பில் தமிழ் இருக்கின்றது என்று நம்பலாம். திரும்பிப் போனால், பெயர்ப்பலகையில் உள்ள தமிழைப் பற்றிப் பேசுமுன் அவ்வழங்கியைத் திருத்துங்கள்.